கண்புரை அறுவைக்கு லென்ஸ் தேர்வு: வெள்ளெழுத்தையும் சேர்த்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு

கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்ன கையோடு ஒரு தாள் கைக்கு வரும். மோனோஃபோகல், மல்டிஃபோகல், டிரைஃபோகல், ஈடாஃப், டோரிக் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். "இதில் எது நல்ல லென்ஸ்?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது. எந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும், எந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சம்மதம், இரவு வெளிச்சத்தில் என்ன வேலை இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் பேச்சே தொடங்கும்.

லென்ஸோடு சேர்ந்து போவது என்ன

இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வளைந்து கொடுக்கும். அருகில் பார்க்கும்போது உள்ளே இருக்கும் தசை இறுகும், லென்ஸ் தடிக்கும், எழுத்து தெளியும். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகிறது. 40-ஐத் தாண்டியதும் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடிக்கத் தொடங்குகிறோம். வெள்ளெழுத்து என்பதும் சாளேசரம் என்பதும் இதுதான். 60-ஐ நெருங்கும்போது அந்த வளையும் சக்தி ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும்.

அறுவையில் 2 முதல் 3 மி.மீ. அகல வெட்டு வழியாக மங்கிய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அது இருந்த பைக்குள்ளேயே சுமார் 6 மி.மீ. விட்டமுள்ள செயற்கை லென்ஸை மடித்துச் செலுத்தி விரிய விடுகிறார்கள். 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்த நாளிலிருந்து இன்றுவரை லென்ஸ் செய்யும் பொருள் மாறிவிட்டது, வெட்டும் சுருங்கிவிட்டது. ஆனாலும் இளவயது லென்ஸைப் போல நினைத்த தூரத்துக்கெல்லாம் தானாக வளையும் லென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. கிடைக்கும் ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது.

இதனால் இரண்டு பேர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர், 50-ஐ ஒட்டிய வயதில் கண்புரை வந்தவர். அவருக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச வளையும் சக்தியும் அறுவையோடு போய்விடும்.

மற்றவர், கிட்டப்பார்வைக்காரர். மைனஸ் 3 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 33 செ.மீ. தூரத்தில் வைத்து எவ்வளவு பொடி எழுத்தையும் படித்துவிடுவார். வாழ்நாள் முழுக்க இருந்த வசதி என்பதால் அதை ஒரு வசதியாகவே அவர் நினைத்திருக்க மாட்டார். அவருக்குத் தூரத்துக்கு வைத்த மோனோஃபோகல் (ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும்) லென்ஸைப் போட்டால், மறுநாள் காலை தெருக்கோடிப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும், கையில் இருக்கும் மாத்திரை அட்டை தெரியாது. "கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது முடியவில்லை" என்ற வருத்தம் இப்படித்தான் வருகிறது. அறுவையில் எந்தத் தவறும் நடந்திருக்காது, முன்கூட்டிப் பேசாததுதான் குறை. இவருக்கு இரண்டு கண்ணையும் மைனஸ் 2.5 அளவில் நிறுத்தி, பழையபடி வெறுங்கண்ணால் படிக்கவும் வெளியே போகக் கண்ணாடி போடவும் வழி செய்யலாம். அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமான கூனலோடு உட்காருங்கள். அளப்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தால் கணக்கு தவறிவிடும். இன்னொருவர் உங்கள் கண்ணின் ஓரத்திலிருந்து பார்க்கும் பொருள் வரை நாடாவைப் பிடிக்கட்டும். புத்தகம், கைபேசி, கணினித் திரை, ஊசியில் நூல் கோர்க்கும் கை, அடுப்பு, வண்டியின் வேகமானி, தொலைக்காட்சி என ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த வேலையில் நாளைக்கு எத்தனை மணி நேரம் கழிகிறது, எந்த வெளிச்சத்தில் நடக்கிறது என்பதையும் குறியுங்கள்.

இந்தத் தூரங்களைப் பவராக மாற்றுவது சுலபம். 100-ஐச் செ.மீ. தூரத்தால் வகுத்தால் டயாப்டர், அதாவது பவரின் அலகு, வரும். 40 செ.மீ. என்றால் 2.5. 50 செ.மீ. என்றால் 2. கணினி 66 செ.மீ. தள்ளியிருந்தால் ஏறக்குறைய 1.5. ஒரு மீட்டர் என்றால் 1. தூரத்துக்குச் சரியாக நிறுத்திய மோனோஃபோகல் லென்ஸ் உள்ளவருக்கு, 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்கச் சுமார் பிளஸ் 2.5 கண்ணாடி தேவைப்படுவது இந்தக் கணக்கால்தான். அதே கண்ணாடியோடு கணினியைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும், அதற்குத் தனியாக 1.5 வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் அதில் கண்ணாடி போடவே விருப்பமில்லாத வேலைகள் இரண்டைச் சுழியுங்கள். எல்லாவற்றையும் சுழித்தால் பட்டியல் போட்டதற்குப் பயனில்லை. இரவில் வண்டி ஓட்டும் வேலை இருந்தால் அதைத் தனியாகப் பெரிதாக எழுதுங்கள். லென்ஸ் தேர்வைத் தலைகீழாக மாற்றக்கூடிய ஒற்றை வரி அது.

உங்கள் கண் எதற்கு இடம் தருகிறது

விருப்பம் ஒருபுறம் இருக்க, கண்ணின் நிலை இன்னொருபுறம். ஒன்றுக்கு மேற்பட்ட தூரத்துக்குத் தெளிவு தரும் மல்டிஃபோகல் வகைகள் (டிரைஃபோகலும் இதில் சேரும்) உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டுத்தான் வேலை செய்கின்றன. பங்கு போட்ட ஒளியையும் வீணாக்கும் கோளாறு கண்ணில் ஏற்கெனவே இருந்தால் பார்வை வெளுத்துப்போகும். மாக்குலா எனும் விழித்திரை நடுப்பகுதியின் சிதைவு, சர்க்கரை நோயால் அங்கே வீக்கம், மாக்குலாவின் மேல் மெல்லிய சவ்வு, பார்வைப் பரப்பைக் குறைத்துவிட்ட கிளாகோமா (கண் அழுத்த நோய்), கருவிழி (கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம்) கூம்பாதல் இருப்பவர்களுக்கு இந்த வகை பொதுவாக வேண்டாம் என்பார்கள். கண்புரை மறைப்பதால் விழித்திரையில் உள்ள சிறு கோளாறு கருவி வழியே பார்க்கும்போது தப்பிவிடலாம். ஆகவே மல்டிஃபோகல் பக்கம் மனம் போகிறவர்கள் மாக்குலாவுக்கு ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை) எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது பயோமெட்ரி. கண்ணின் முன்பின் நீளம், கருவிழியின் வளைவு, முன்னறையின் ஆழம் ஆகியவற்றை அளந்து, எந்தப் பவர் லென்ஸ் வைக்க வேண்டும் என்று கணக்கிடுவது. சராசரிக் கண் சுமார் 23.5 மி.மீ. நீளம் இருக்கும். அதில் 1 மி.மீ. தவறாக அளந்தால் முடிவில் சுமார் 2.5 டயாப்டர் தவறும். எவ்வளவு உயர்ந்த லென்ஸை வாங்கினாலும் இந்த அளவு பிசகினால் பயனில்லை. பிசகுவதற்கு நோயாளி பக்கத்துக் காரணங்களும் உண்டு.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றி வைக்காமல் அளக்க வருவது ஒன்று. மென்மையான வகையை ஒன்றிரண்டு வாரமும், கடின வகையைக் குறைந்தது மூன்று நான்கு வாரமும் நிறுத்தினால்தான் கருவிழி தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பும். கண் வறட்சி இன்னொன்று. கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாக உடையும்போது கருவியில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் விழும். வறட்சிக்குச் சில வாரம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, இரண்டு முறை அளந்ததும் ஒத்துப்போன பிறகு நாள் குறிப்பதே சரி. இதில் அவசரப்பட வேண்டாம்.

முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் (கருவிழியை லேசரால் சீவும் சிகிச்சை) செய்துகொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சீவிய கருவிழியை வழக்கமான சூத்திரம் தவறாகப் புரிந்துகொள்ளும். கிட்டப்பார்வைக்காக லேசிக் செய்தவருக்குத் தேவையைவிடக் குறைந்த பவர் லென்ஸைக் காட்டிவிடும், அவர் பிளஸ் பக்கம் போய் நிற்பார். அப்படிப்பட்ட கண்களுக்கென்று தனிச் சூத்திரங்கள் உண்டு. லேசிக்குக்கு முந்தைய பழைய சீட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள், அல்லது முன்பு சாப்பிட்டவர்கள், அதையும் சொல்ல வேண்டும். அது கண்ணின் ஐரிஸை (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையை) தளரவைப்பதால் அறுவையின்போது மருத்துவர் முன்தயாரிப்போடு இருப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினாலும் அந்தத் தளர்ச்சி போய்விடாது.

லென்ஸ் வகைகள்

மோனோஃபோகல் ஒரே தூரத்துக்கு. வரும் ஒளி முழுவதையும் அந்த ஒரு தூரத்துக்கே கொடுப்பதால் தெளிவு மிகக் கூர்மை, மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும், இரவுத் தொந்தரவு குறைவு. தூரத்துக்கு நிறுத்தினால் படிக்கக் கண்ணாடி கட்டாயம். இதைக் கீழான லென்ஸ் என்று நினைப்பது தவறு. படிக்கும் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு இதைவிட நல்லது இல்லை.

அதற்கு மேல் ஒரு படி, மோனோஃபோகல் பிளஸ் எனப்படும் வகை. லென்ஸின் நடுப்பகுதி வளைவைச் சற்றே மாற்றி, இடைத் தூரத்தில் கொஞ்சம் கூடுதல் தெளிவு தருகிறது. படிக்கும் கண்ணாடியை இது நீக்காது.

ஈடாஃப் என்பது தெளிவாகத் தெரியும் தூரத்தை நீட்டித் தரும் லென்ஸ். தூரமும் கணினியும் சமையல் மேடையும் நன்றாக இருக்கும். கைபேசியின் பெரிய எழுத்து ஓரளவு தெரியும். மருந்துக் குப்பியில் அச்சிட்ட பொடி எழுத்துக்கும் நீண்ட நேரப் படிப்புக்கும் பலருக்குப் பிளஸ் 1 முதல் 1.5 வரை கண்ணாடி தேவைப்படுகிறது. "ஈடாஃப் வைத்தால் கண்ணாடியே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், 40 செ.மீ. தூரத்தில் எந்த அளவு எழுத்து தெரியும் என்று திருப்பிக் கேளுங்கள்.

டிரைஃபோகல் தூரம், இடைத் தூரம், அருகு ஆகிய மூன்றுக்கும் ஒளியைப் பிரிக்கிறது. லென்ஸின் மேல் செதுக்கிய மிக நுண்ணிய வளையங்கள்தான் இந்தப் பங்கீட்டைச் செய்கின்றன. அருகுத் தூரம் பெரும்பாலும் 40 செ.மீ., இடைத் தூரம் மாடலைப் பொறுத்து 60 முதல் 80 செ.மீ. உங்கள் நாடாக் கணக்கு இங்கேதான் உதவும். கணினியை 60 செ.மீ. தூரத்தில் வைத்து வேலை செய்பவருக்கு 80-இல் தெளியும் லென்ஸை வைத்தால் பாதி நாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அதிக விடுதலை தருவது இந்த வகைதான். அதற்கு ஈடாக இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், எழுத்தின் கருமை சற்றுக் குறையும், மங்கிய அறையில் படிக்க விளக்கை அருகே இழுக்க வேண்டியிருக்கும். மூளை பழகிக்கொள்ளச் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு ஆறு மாதம் வரை ஆகும். வட்டம் மறைந்துவிடுவதில்லை, பெரும்பாலோர் அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறார்கள். கவனிப்பதை விடமுடியாதவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மோனோஃபோகல் தரும் குறையைக் கண்ணாடி போட்டுச் சரிசெய்துவிடலாம். டிரைஃபோகல் தரும் ஒளிவட்டத்தையும் குறைந்த கருமையையும் எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது. இரவெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கும், நிறச்சாயலின் நுட்ப வேறுபாட்டை வைத்துத் தொழில் செய்பவருக்கும் டிரைஃபோகல் வேண்டாம் என்றே சொல்வோம்.

இவை தவிர, அறுவைக்குப் பிறகு புற ஊதாக் கதிரால் பவரைத் திருத்தக்கூடிய லென்ஸ் ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரம் கழித்து உண்மையான பார்வையைச் சோதித்து, சில அமர்வுகளில் திருத்தி, பிறகு அந்தப் பவர் மாறாதபடி பூட்டுவார்கள். பூட்டும் வரை அவர்கள் கொடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். இது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஒரு கண் தூரத்துக்கு, மறு கண் அருகுக்கு

மோனோவிஷன் என்ற இந்த முறைக்குத் தனி லென்ஸ் தேவையில்லை, சாதாரண மோனோஃபோகலே போதும். ஓங்கிய கண்ணை (பார்க்கும்போது மூளை அதிகம் சார்ந்திருக்கும் கண்ணை) தூரத்துக்கும் மறு கண்ணை மைனஸ் 1.25 முதல் 1.75 வரையிலும் நிறுத்துவார்கள். இன்னும் மிதமாக வேண்டுமென்றால் மைனஸ் 0.75. அப்போது கணினி தெரியும், பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி. வேறுபாடு 2 டயாப்டரை நெருங்கினால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஓங்கிய கண் எது என்று பார்க்க, இரண்டு கையையும் நீட்டி, விரல்களைக் கோர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடுங்கள். அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தை இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் ஓட்டையை விட்டு ஓடிவிடுகிறதோ அதுவே ஓங்கிய கண். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள், மருத்துவமனையிலும் சோதிப்பார்கள்.

கண்புரை லேசாக இருக்கும்போதே ஒரு கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இதைச் சில நாள் ஒத்திகை பார்க்கலாம். படி இறங்குங்கள், கோப்பையில் தண்ணீர் ஊற்றுங்கள், மாலையில் வண்டி ஓட்டுங்கள். ஆழம் கணிப்பதில் தடுமாற்றம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். கண்புரை அடர்த்தியாகிவிட்டால் இந்த ஒத்திகையை நம்ப முடியாது. மாறுகண், சோம்பல் கண், எப்போதாவது இரட்டையாகத் தெரிவது ஆகியவை உள்ளவர்கள் இந்த முறையைத் தவிர்ப்பது நல்லது. இதில் எங்களுக்குப் பிடித்த அம்சம், பின்வாங்க வழி இருக்கிறது என்பது. இரவில் ஓட்ட வேண்டுமென்றால் அருகுக் கண்ணைத் தூரத்துக்குத் திருத்தும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

சிலிண்டர் பவர் இருந்தால்

உங்கள் பழைய கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் எண் இருக்கலாம். கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் காட்டும் எண் அது. அந்தக் குறையைச் சரிசெய்யும் லென்ஸ்தான் டோரிக். ஆனால் சீட்டு எண்ணை வைத்து டோரிக் லென்ஸை முடிவு செய்ய முடியாது. சீட்டில் உள்ள சிலிண்டரில் கருவிழியின் பங்கும் பழைய லென்ஸின் பங்கும் கலந்திருக்கும். லென்ஸ் போனதும் அதன் பங்கும் போய்விடும். கருவிழியில் மட்டும் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். ஏறக்குறைய 1 டயாப்டருக்கு மேல் இருந்தால் டோரிக் பற்றிப் பேசலாம். டிரைஃபோகல் வைப்பவருக்கு இதைவிடக் கறார் தேவை. முடிவில் அரை டயாப்டர் சிலிண்டர் மிஞ்சினாலே அந்த லென்ஸின் பலன் குறையத் தொடங்கும்.

டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். 1 டிகிரி திரும்பினால் பலனில் சுமார் 3 சதவீதம் போகும், 10 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரி திரும்பினால் பலன் முழுவதும் போய்விடும். படுத்தால் கண் சற்றே சுழலும் என்பதால், உட்கார்ந்த நிலையில் கண்ணில் மையால் குறியிடுவார்கள், அல்லது படமெடுத்துக் கருவி வழியே கோணத்தைப் பிடிப்பார்கள். குறியிடும்போது தலையைச் சாய்க்காமல் நேரே பாருங்கள். லென்ஸ் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் நாளுக்குள் திரும்பிவிடும். அதைச் சில வாரங்களுக்குள் சிறு அறுவையில் திருப்பி வைக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

நாடாப் பட்டியலை மருத்துவர் முன் வையுங்கள். ஒவ்வொரு கண்ணையும் எந்தப் பவரில் நிறுத்தப் போகிறார் என்பதை எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "தூரத்துக்கு வைக்கிறோம்" என்ற சொல் போதாது. எந்த மாடல், அருகுக்கும் இடைக்கும் எத்தனை செ.மீ. என்றும் கேளுங்கள். லென்ஸ் பை கிழிந்துவிட்டால் டிரைஃபோகலோ டோரிக்கோ வைக்க முடியாமல் போகலாம். அப்போது மாற்றாக எந்த லென்ஸ், எந்தப் பவர் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். பவர் பிசகினால் லேசர் திருத்தமா, லென்ஸ் மாற்றமா, யார் செய்வது என்பதும் இந்தப் பேச்சில் சேரும்.

இரண்டு கண்ணுக்கும் நடுவே

பொதுவாக ஒரு கண் முடிந்து சில நாட்களோ வாரங்களோ கழித்தே மறு கண். இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் கண் கணக்கிட்ட இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து மறு கண்ணின் பவரைத் திருத்தலாம். முதல் கண்ணின் டிரைஃபோகல் ஒளிவட்டம் தாங்கவில்லை என்றால் மறு கண்ணுக்கு வேறு லென்ஸ் யோசிக்கலாம். ஆனால் முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். இந்த வகை லென்ஸ்கள் இரண்டு கண்ணிலும் இருக்கும்போதுதான் முழுமையாக வேலை செய்கின்றன. இடைப்பட்ட நாட்களில் இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தலை கிறுகிறுப்பது அதிக பவர் உள்ளவர்களுக்கு இயல்பு.

அறுவைக்குப் பிறகு

சொட்டு மருந்து வழக்கமாகச் சுமார் நான்கு வாரம். கண்ணாடிச் சீட்டை நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வாங்குங்கள். பவர் அதுவரை அசைந்துகொண்டிருக்கும்.

பார்வை எதிர்பார்த்தபடி இல்லை என்றால் உடனே லென்ஸின் மேல் பழி போட வேண்டாம். முதலில் கண் வறட்சியைப் பாருங்கள். இமை கொட்டியதும் தெளிந்து சில நொடியில் மங்கினால் அது வறட்சிதான். அடுத்து மிஞ்சிய பவர். சோதனைக் கண்ணாடியை முன்னால் பிடித்ததும் தெளிந்தால், அதைத் திருத்த வழி இருக்கிறது. அதற்கடுத்து மாக்குலா வீக்கம், இதற்கு ஓசிடி. மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துப் படிப்படியாக மங்கினால், லென்ஸை ஏந்தியிருக்கும் பை பின்பக்கம் மங்கியிருக்கலாம். யாக் லேசரில் அதில் ஒரு சாளரம் திறந்தால் சரியாகிவிடும்.

இந்த யாக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிரைஃபோகல் பிடிக்காமல் அதை மாற்றலாமா என்ற யோசனை இருக்கும்போது யாக் செய்துவிடக் கூடாது. பை திறந்த பின் லென்ஸை எடுத்து வேறு வைப்பது கடினமும் ஆபத்தும் கூடியது. மாற்றுவதென்றால் பை இறுகுவதற்கு முன், முதல் சில மாதங்களில் செய்வது எளிது. லென்ஸை வைத்துக்கொள்கிறோமா மாற்றுகிறோமா என்று முடிவான பிறகே யாக்.

வலி கூடுவது, சிவப்பு ஏறுவது, பார்வை திடீரென இறங்குவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கருந்துகள்கள் திரளாகப் பறப்பது, ஓரத்தில் திரை விழுவது போல மறைப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது லென்ஸின் பெயர், மாடல், பவர், தொடர் எண் கொண்ட ஒட்டுச்சீட்டு அட்டை ஒன்றைத் தருவார்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக் கைபேசியில் வையுங்கள். மறு கண்ணை வேறு மருத்துவரிடம் செய்ய நேர்ந்தாலும், பின்னாளில் விழித்திரைச் சிகிச்சை தேவைப்பட்டாலும், அவர்கள் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.